ஏழு வருடக் கடைத் திறப்பு விழா

ஒரு சின்னக் கடை வைக்க வேண்டும் என்ற ஆசை வாழ்க்கையில் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்காத ஆள் இருக்க முடியுமா? பெரிய சூப்பர் மார்க்கெட் எல்லாம் இல்லை. பத்துக்குப் பத்தில் ஓர் இடம். அதில் ஒரே ஒரு சங்கதி. அன்றைக்கு வறுத்து அன்றைக்கே அரைத்த காபித்தூள் மட்டும். அல்லது மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் மட்டும். அல்லது பாட்டியின் கைப்பக்குவத்தில் ஊறுகாய், வடாம், சாம்பார்ப் பொடி. ‘அந்தக் கடையில வாங்கினாத்தான்யா அந்த ருசி’ என்று ஊரில் நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கனவு!

சரி, திறந்துவிடலாம் என்று முடிவு செய்தால் என்னென்ன வேண்டும்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கையில் முதல் வேண்டும். ஜன நடமாட்டம் உள்ள தெருவில் இடம் வேண்டும். ஏமாற்றாத மொத்த வியாபாரி வேண்டும். தராசு, டப்பா, அலமாரி... கடன் சொல்லாத வாடிக்கையாளர்கள் (இது கொஞ்சம் பேராசை!). அப்புறம், உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம்.

எல்லாம் தயார். போர்டு மாட்டியாகிவிட்டது. சாம்பிராணிப் புகைகூட இன்னும் அடங்கவில்லை. அப்போது ஊரிலுள்ள பெரிய வியாபாரிகள் ஆள் அனுப்பி, ‘சரக்கெல்லாம் இருக்கட்டும். நீங்கள் யாருடைய மகள்? யாருடைய விதவை? அதை முதலில் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எப்படி இருக்கும்?

கிட்டத்தட்ட இந்த நிலைமையில்தான் மாட்டிக்கொண்டார் மேரி ட்யூக் என்ற பெண்மணி. வருடம் 1725. இடம், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரம். அவர் ஆரம்பித்தது ஒரு சின்ன மளிகைக் கடை. அந்தக் கடையின் வம்சாவளியில்தான், இன்றைக்கு நம் தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஒரு பிரபல சாக்லேட் பிறந்தது. எந்த சாக்லேட்? கொஞ்சம் பொறுங்கள்... முதலில் மேரியைக் கவனிப்போம்.

‘ட்யூக்’ என்றதும் ஏதோ பிரபு வம்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் குடும்பப் பெயர்தான். அப்பா வில்லியம் ட்யூக் இரும்படிக்கிற கொல்லர். மேரி கடை திறந்தபோது பெற்றோர் இருவருமே உயிரோடு இல்லை. வயது 30. கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் போதாதென்று அவர் ஒரு ‘க்வேக்கர்’ வேறு!

க்வேக்கர் என்றால்? 1650-களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையைப் பின்பற்றிக் கிளம்பிய கிறிஸ்துவப் பிரிவு அது. தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் கூட்டத்தில் பாதிரியார் கிடையாது, சடங்கு கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசலாம், ஆணோ பெண்ணோ! ராஜாவே எதிரில் வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அரசாங்கம் ரசிக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே தள்ளியது. மேரியின் தாத்தாவும் அப்படிச் சிறைக்குப் போனவர்தான்.

1689-ல் மதச் சகிப்புச் சட்டம் வந்தது. சிறைக் கதவு திறந்தது. மற்ற கதவுகள் திறக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் வாங்க, அரசாங்க மதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது முடியாது. பெரிய அரசுப் பதவிகளுக்கும் அதே தடை. ராணுவத்துக்குப் போக அவர்கள் கொள்கையே இடம் கொடுக்காது. மிச்சம் என்ன இருக்கிறது? வியாபாரம்! இங்கிலாந்தின் சாக்லேட், பிஸ்கட், வங்கித் தொழில்களில் பிற்காலத்தில் க்வேக்கர் பெயர்களாகவே கேட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஃப்ரை, கேட்பரி, ரௌன்ட்ரீ, பார்க்ளே... எல்லோரும் இந்த வகையறாதான்.

வியாபாரத்திலும் ஒரு பிடிவாதம் உண்டு. அந்தக் காலத்தில் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். வாங்க வந்தவர் பாதிக்குக் கேட்பார். அரை மணி நேரம் மல்லுக்கட்டி நடுவில் எங்கேயோ முடியும். க்வேக்கர்கள் இதற்கு உடன்படவில்லை. ஐந்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு பத்து என்று சொல்வது பொய்தானே? ஆகவே, சொன்னதுதான் விலை! ஆரம்பத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் அதன் வசதி புரிந்தது. சின்னக் குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் அதே விலைதான். ஏமாற்றம் கிடையாது.

ஆனால், கத்திக்கு இன்னொரு முனையும் இருந்தது. கடன் வாங்கிக் கடை போட்டு, திவாலாகிவிட்டால்? ‘நண்பர்கள்’ விசாரணை நடத்துவார்கள். பிறர் பணத்தை வைத்து அகலக்கால் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், சபையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆக, ஒரு க்வேக்கர் கடை வைத்து நொடித்துப்போனால் போவது முதல் மட்டுமல்ல... சொந்தம், சிநேகம், சபை எல்லாமே! பெற்றோர் இல்லாத ஒரு தனிப் பெண் இந்தச் சூதாட்டத்தில் இறங்குகிறார் என்றால், அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

இனி, சரக்கு. அன்றைய இங்கிலாந்தில் ‘மளிகை’ என்றால் நம்ம ஊர் போல அரிசி, பருப்பு அல்ல. பெரும்பாலும் கப்பலில் வந்த சாமான்கள். சர்க்கரை, மிளகு, கிராம்பு, உலர்ந்த திராட்சை, தேயிலை, காபி, குடிப்பதற்கான சாக்லேட். சுருக்கமாக, இன்றைக்கு ‘ஸ்பெஷாலிட்டி ஷாப்’ என்கிறார்களே, அது! சர்க்கரை கூம்பு வடிவத்தில் பாறாங்கல் மாதிரி இருக்கும். இடுக்கியால் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். தேயிலையோ நகை மாதிரி. பணக்கார வீடுகளில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கும். சாவி எஜமானியம்மாவிடம்.

தேயிலை விற்பது என்றால் சும்மா மூட்டையை இறக்கி விற்றுவிட முடியாது. சீனாவிலிருந்து அதைக் கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்குத்தான். (ஆமாம், நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி!) லண்டனில் கம்பெனி ஏலம் விடும். பெரிய வியாபாரிகள் எடுப்பார்கள். லண்டனிலிருந்து வடக்கே வரும் சரக்கு கப்பலில் ஹல் துறைமுகம் வந்து, அங்கிருந்து ஊஸ் நதியில் படகேறி யார்க் வரும். அதற்குள் வரி அதிகாரி வேறு காத்திருப்பார். 1720-களில் பிரதமர் ராபர்ட் வால்போல் தேயிலை, காபி, கோகோவுக்கு வரி வசூலிக்கும் முறையை மாற்றி இறுக்கினார். விற்கிறவர்கள் கடையைப் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்கு எழுத வேண்டும். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து எடை போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் இருந்தது. வரி அதிகம் என்பதால் கள்ளக்கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. தேயிலையில் வேறு இலைகளைக் கலந்து சாயமேற்றி விற்ற புண்ணியவான்கள் இருந்தார்கள். அதைத் தடுக்க நாடாளுமன்றம் திரும்பத் திரும்பச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே, சொன்ன விலைக்குச் சொன்ன சரக்கைக் கொடுக்கும் கடைக்கு எங்கேயும் மவுசு இருந்தது.

மேரி ‘வால்ம்கேட்’ என்ற தெருவில் கடையைத் திறந்தார். (யார்க் நகரில் ‘கேட்’ என்றால் வாசல் இல்லை, தெரு. என்றைக்கோ வந்து குடியேறிய வைக்கிங்குகள் விட்டுப்போன வார்த்தை!) அந்தத் தெருவிலிருந்து ஃபாஸ் நதியின் குட்டிப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த தெரு ஃபாஸ்கேட். அங்கேதான் இருந்தது பிரச்னை.

ஃபாஸ்கேட்டில், மரச்சட்டங்களால் ஆன பிரமாண்டமான மண்டபம் ஒன்று உண்டு. 1357-ல் கட்ட ஆரம்பித்தது. யார்க் வணிகர் சங்கத்தின் தலைமையிடம். சங்கம் என்றால் வருடாந்தரக் கூட்டம் போட்டு டிபன் சாப்பிட்டுக் கலையும் சங்கம் இல்லை. 1581-ல் முதலாம் எலிசபெத் மகாராணி அவர்களுக்குச் சாசனமே எழுதிக் கொடுத்திருந்தார். வெளிநாட்டுச் சரக்கை யார்க் நகரில் யார் விற்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். சங்கத்தில் சேராதவர் மிளகு பொட்டலம் கட்டினாலும் குற்றம்!

மேரி, கொல்லரின் மகள் என்ற முறையில், நகரத்தின் உரிமை பெற்ற குடிகள் பட்டியலில் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டார். சங்கத்துக்கு அது போதவில்லை. நகரத்தின் உரிமை வேறு, சங்கத்தின் அனுமதி வேறு என்றார்கள்.

பெண் என்பதால்தான் எதிர்த்தார்களா? ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே சங்கத்தில் 15-ம் நூற்றாண்டிலேயே மேரியன் கென்ட் என்ற பெண்மணி நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறார். ஆனால், அவர் ஒரு வணிகரின் விதவை. சங்கத்தின் கணக்கு அதுதான். உறுப்பினரின் மனைவியாக இருந்து விதவையானால் கணவரின் வியாபாரத்தைத் தொடரலாம். உறுப்பினரின் மகள் என்றாலும் வழி இருந்தது. மேரிக்கு அப்பா கொல்லர், கணவரே இல்லை. எந்த ஆணின் பெயருக்குப் பின்னாலும் நின்று அவரால் உள்ளே நுழைய முடியாது. தன் பெயரிலேயே வந்து நின்றார். அந்த மாதிரி ஒரு கட்டமே அவர்கள் பதிவேட்டில் இல்லை!

சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எச்சரிக்கை வந்தது. இருக்கிற சரக்கை விற்றுத் தீர்த்துவிட்டுக் கடையை மூடு என்று கெடு வைத்தார்கள். அபராதம், வழக்கு, சிறை என்று மிரட்டல்கள் தொடர்ந்தன.

மேரி என்ன செய்தார்? ஊர்வலம் போகவில்லை. ராஜாவுக்கு மனு எழுதி அழவில்லை. மறுநாள் காலையிலும் கடையைத் திறந்தார்.

கேட்க சப்பென்று இருக்கிறதா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் கடை இருக்குமா என்று தெரியாமல் எவ்வளவு சரக்குக்கு ஆர்டர் கொடுப்பது? மொத்த வியாபாரி, ‘இந்தம்மா கடையை எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்களாமே’ என்று நினைத்தால் கடன் கொடுப்பாரா? வாடிக்கையாளர்தான் தைரியமாகக் கணக்கு வைத்துக்கொள்வாரா? ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஏழு வருடம் இப்படியே ஓடியது. இடையில் கட்டச் சொன்னதைக் கட்டினார், கெடுவை நீட்டிக்கொண்டார். கடையை மட்டும் விடவில்லை.

கடைசியில் 1732-ல் சங்கம் இறங்கி வந்தது. ஒரு தொகையைக் கட்டிவிட்டு வியாபாரத்தை நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. ஆக, 1725-ல் ஆரம்பித்த திறப்பு விழா 1732-ல்தான் முடிந்தது என்று சொல்ல வேண்டும்!

அடுத்த வருடமே மேரி, ஹென்றி ஃபிராங்க்லேண்ட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆன நிமிடத்திலிருந்து அவளுடைய சம்பாத்தியம், அசையும் சொத்து எல்லாம் கணவருக்கு. தன் பேரில் ஓர் ஒப்பந்தம்கூடப் போட முடியாது. சங்கத்துடன் ஏழு வருடம் மல்லுக்கட்டி வாங்கியதைச் சட்டம் ஒரே நாளில் கணவர் கையில் தூக்கிக் கொடுத்துவிடும்! (இது மாறுவதற்கு 1870, 1882 என்று இரண்டு சட்டங்கள் வர வேண்டியிருந்தது.) ஹென்றி நெசவுத் தொழிலை விட்டுவிட்டு மனைவியின் மளிகைத் தொழிலுக்கு வந்தார். சில வருடங்களில் இறந்தும் போனார். மறுபடியும் மேரி தனியாகக் கல்லாவில் உட்கார்ந்தார். கடை அதற்குள் காஸில்கேட் தெருவுக்கு மாறியிருந்தது.

குழந்தை இல்லை. தம்பி, அண்ணன் வழியில் தேடிப் பிடித்து ஒரு பையனைத் தொழில் பழக அழைத்துக்கொண்டார். 14 வயது. பெயர், தாத்தாவின் பெயரேதான்... வில்லியம் ட்யூக். அவன் பிறந்த வருடம் எது தெரியுமா? 1732. அத்தைக்கு அனுமதி கிடைத்த அதே வருடம்!

1752-ல் மேரி இறந்தபோது வில்லியமுக்கு 20 வயது. கடை அவர் கைக்கு வந்தது. பிள்ளைகள் தலையெடுத்தார்கள். தேயிலை, காபி, கோகோ என்று வியாபாரம் பெருகியது. ஆனால், உலகம் வில்லியமை நினைவு வைத்திருப்பது வேறு ஒரு விஷயத்துக்காக.

1790-ல் ஹன்னா மில்ஸ் என்ற க்வேக்கர் பெண்மணி யார்க் மனநல விடுதியில் இறந்துபோனார். பார்க்க வந்த நண்பர்களை உள்ளே விடவில்லை. அந்தக் காலத்தில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதும், அடிப்பதும், பட்டினி போடுவதும்தான் வைத்தியம். வில்லியமுக்கு அப்போது வயது 58. ஓய்வெடுக்க வேண்டிய நேரம். அவரோ, ‘இவர்களை மனிதர்களாக நடத்தும் ஓர் இடம் வேண்டும்’ என்று கிளம்பினார். சபைக்குள்ளேயே முணுமுணுப்பு. பணம் போதவில்லை. விடாப்பிடியாக அலைந்து 1796-ல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார். சங்கிலி கிடையாது. தோட்டம், காற்று, வேலை, கனிவு. அங்கே நடந்த சுவையான சங்கதி ஒன்றை அவருடைய பேரன் சாமுவேல் 1813-ல் புத்தகமாகவே பதிவு செய்தார். நோயாளிகளை அவ்வப்போது டீ விருந்துக்கு அழைப்பார்களாம்! அவர்களும் நல்ல உடை உடுத்தி, மரியாதையாக உட்கார்ந்து, அளவளாவி, தேநீர் குடிப்பார்களாம். தேயிலை வியாபாரி ஆரம்பித்த இல்லம் அல்லவா!

அத்தையிடம் கற்றது டீத்தூள் எடை போட மட்டும்தானா, அல்லது ‘முடியாது’ என்று சொல்கிறவர்கள் முன்னால் பேசாமல் காரியத்தைத் தொடர்வதுமா? உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைய இங்கிலாந்து மளிகைக் கடையில் விற்ற சர்க்கரையில் பெரும்பகுதி, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து உருவாக்கியது. எவ்வளவு நேர்மையான தராசாக இருந்தாலும் அந்த வியர்வையின் எடையைக் காட்டாது. அடிமை வணிகத்துக்கு எதிராக முதலில் குரல் கொடுத்தவர்களில் க்வேக்கர்கள் முக்கியமானவர்கள். 1791-ல் நாடெங்கும் பல குடும்பங்கள் சர்க்கரையே வேண்டாம் என்று நிறுத்தின. ஒரு கடைக்காரர், ‘இது எங்கிருந்து, யார் கையிலிருந்து வருகிறது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது அப்போதுதான்.

சரி, சாக்லேட்டுக்கு வருவோம். 1862-ல் ட்யூக் குடும்பம் கோகோ, சாக்லேட் பிரிவை மட்டும் தனியாகப் பிரித்து விற்றது. வாங்கியவர், அவர்களிடமே வேலை பார்த்த ஹென்றி ஐசக் ரௌன்ட்ரீ என்ற இளைஞர். அவரும் யார்க் க்வேக்கர்தான். அவருடைய அப்பாவுக்கும் அதே ஊரில் மளிகைக் கடை. (பர்மிங்ஹாமிலிருந்து ஜார்ஜ் கேட்பரி என்ற பையன் தொழில் பழக வந்தது அந்தக் கடைக்குத்தான்!) ஹென்றிக்கு வியாபாரம் சரியாக வரவில்லை. 1869-ல் அண்ணன் ஜோசப் வந்து தோள் கொடுத்தார். அப்புறம் ரௌன்ட்ரீ கம்பெனி ஆலமரமாக வளர்ந்தது.

1935-ல் அவர்கள் ‘சாக்லேட் கிரிஸ்ப்’ என்ற பெயரில், நாலு விரல் மாதிரி உடைத்துச் சாப்பிடும் ஒரு பிஸ்கட் சாக்லேட்டை இறக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள்... கிட்கேட்! 1988-ல் ரௌன்ட்ரீ கம்பெனியை நெஸ்லே வாங்கியது. அந்தச் சிவப்பு உறை நம்ம ஊர்க் கடைகளில் தொங்குவது அந்த வழியாகத்தான்.

மேரியைத் தடுத்த சங்கம்? அப்படிப்பட்ட தனியுரிமைகளை எல்லாம் 1835-ல் வந்த நகராட்சிச் சட்டம் ஒழித்துக்கட்டியது. மண்டபம் இன்னும் ஃபாஸ்கேட்டில் கம்பீரமாக நிற்கிறது. இப்போது அது மியூசியம். யார் மகள், யாருடைய விதவை என்று யாரும் கேட்பதில்லை. டிக்கெட் வாங்கினால் உள்ளே விடுவார்கள்!

கடை வைக்கப் போகிறவரிடம் கேள்வி கேட்பது தப்பே இல்லை. சரக்கு சுத்தமா, எடை சரியா, எண்ணெய் பழசா... தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். அது சாப்பிடுகிறவரைக் காப்பாற்றும் கேள்வி. ‘நீ யார்?’ என்பது வேறு ரகம். அது ஏற்கெனவே கடை வைத்திருப்பவரைக் காப்பாற்றும் கேள்வி. சமைத்தவர் எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டு இலை முன் உட்காரும் ஆட்கள் இன்னும் இருக்கிற நம் நாட்டில், இந்த வித்தியாசம் எல்லோருக்கும் சுலபமாகவே புரியும்.

உங்கள் தெருவிலும் யாராவது ஒரு பெண்மணி வீட்டு முன்னறையில் நாலு டப்பாவை வைத்துக்கொண்டு பொடியோ, முறுக்கோ விற்க ஆரம்பித்திருக்கலாம். ‘இதெல்லாம் எத்தனை நாளைக்கு?’ என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்ளவும் செய்யலாம். போய் ஒரு கால் கிலோ வாங்கிப் பாருங்கள். நன்றாக இருந்தால் மறுபடி போங்கள். விலையில் மட்டும் பேரம் பேசாதீர்கள்!